கதவிடுக்கிலே ஒரு பாக்குவெட்டி

கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர் எவருக்கும் கதவு ஓர் அருமையான துணைக்கருவி. விசையின் திருப்பம் என்னும் பாடத்தைத் தொடங்கும் நாளில் வேறெந்த உபகரணமும் வேண்டியதில்லை. வகுப்பறைக் கதவைக் காட்டி, "இதன் கைபிடி ஏன் பிணைச்சலுக்குத் தொலைவிலே பொருத்தப்பட்டிருக்கிறது?" என்று வினவினாற் போதும். முன்வரிசை மாணவன் ஒருவனை எழுப்பி, பிணைச்சலுக்கு அருகே ஒற்றை விரலால் தள்ளச் சொல்வோம், கதவு அசையாது. வெளிவிளிம்பிலே தள்ளச் சொல்வோம். கதவு ஓடிப்போய்ச் சுவரில் மோதும். வகுப்புச் சிரிக்கும். விடையும் கரும்பலகையில் ஏறிவிடும்.

12 ஆண்டுகளாக நாம் இவ்வாறுதான் கற்பித்து வந்தோம். வினாத்தாள்களிலும் இவ்வினாவை இட்டிருக்கிறோம்; புள்ளிகளும் வழங்கியிருக்கிறோம். ஆனால், அதே கதவின் மறுபக்க வினாவை, அதாவது வெளிவிளிம்பிலே சிறு விசை கொடுக்கும்போது பிணைச்சலருகே அகப்பட்ட பொருளுக்கு யாது நேரும் என்பதை, ஒருநாளும் எந்த மாணவனிடமும் கேட்டோமில்லை. எம்மை நாமே கேட்டுக்கொண்டதுமில்லை. அதனைக் கேட்க வைத்தவள், அப்போது இரண்டரை வயதுதானும் நிரம்பாத எமது இளைய மகள்.

2018ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றின் பிற்பகல். சோளகக் காற்று முற்றத்து மாமரத்தை உலுப்பிக்கொண்டிருந்தது. எமது தங்கையார் குடும்பத்தோடு வந்திருந்தமையால் வீடெங்கும் பிள்ளைகளின் ஆரவாரம். முன்விறாந்தையில் எமது தாயார் வெற்றிலைத் தட்டத்தை முன்வைத்துப் பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். அப்போது ஒன்பது வயதினனாயிருந்த எமது மகன் மைத்துனன்மாரோடு ஒளித்துப்பிடித்து விளையாடினான். மிகச் சிறியவள் என்பதால் இளையவளை ஆட்டத்திற் சேர்த்தாரில்லை. சேர்க்காவிட்டால் அவள் விடுவாளா? அண்ணன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே திரிந்தாள்.

மகன் நடுவறைக்குள் ஓடி, உட்புறமாகத் திறந்திருந்த கதவின் பின்னே ஒளிந்துகொண்டான். இளையவள் வாயிற்படியிலே நின்றாள். திறந்த கதவுக்கும் நிலைக்கும் இடையே, பிணைச்சற் பக்கத்தில், நூல்போல ஒரு வெளிச்சம் தெரியும். அதனூடாக அண்ணனின் சட்டை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில், அவனைத் தொட்டுவிடலாமென எண்ணி அவ்விடுக்கினுள்ளே விரல்களை நுழைத்தாள். இவள் கூவித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாளே என்று அஞ்சிய மகன் கதவைச் சாத்தினான். அடித்துச் சாத்தவில்லை. ஒளிந்திருப்பவன் எவ்வளவு ஓசையின்றிச் சாத்துவானோ அவ்வளவு ஓசையின்றியே சாத்தினான்.

இத்தகைய விபத்தைக் கண்டறிந்த பெற்றோர் ஒன்றை அறிவர். அழுகை உடனே வருவதில்லை. வாய் திறந்தபடி, மூச்சு உள்ளே போனபடி, முகம் சிவந்து, ஓசை மட்டும் இல்லாமல் ஓரிரு கணம் கழியும். அந்தக் கணங்களிலே நாம் செய்ததை மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். பாய்ந்தோடிப் போய்ப் பிள்ளையின் கையைப் பற்றி இழுத்தோம். எமது இல்லத்தரசியார்தாம், "கதவைத் திறவுங்கோ! கதவைத் திறவுங்கோ!" என்று கூவிக்கொண்டே வந்து கதவைத் தள்ளினார். அகப்பட்ட விரலை இழுப்பது தோலையும் நகத்தையும் மேலும் பிய்க்கும். முதலிற் கதவைத் திறத்தல் வேண்டும். விரல் தானே விடுபடும். நெம்புகோலைப் பற்றி நாள்தோறும் பேசுகிறவருக்கு அந்நேரம் அந்த அறிவு கைகொடுக்கவில்லை.

வலக்கையின் நடுவிரல் நுனி நசிந்திருந்தது. நகம் அடியிலிருந்து கிளம்பி மேலே நின்றது. பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவர் கோப்பித்தூட் போத்தலோடு ஓடிவந்தார். அவரைத் தடுத்து, குழாய் நீரிற் கையைக் கழுவி, வெளுத்த சீலைத்துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஏறினோம். இதற்கிடையே, பிள்ளையின் அழுகையை ஆற்றவென்று யாரோ பாற்போத்தலைக் கொடுத்துவிட்டார்கள். அன்பினாற் செய்த அக்காரியமும் எமக்கு விலையாயிற்று. நசிந்த நகப்படுக்கையை மயக்கமருந்து கொடுத்தே தைக்க வேண்டுமென்றும், பால் குடித்த பிள்ளைக்கு 6 மணித்தியாலம் கழியுமுன் மயக்கமருந்து கொடுத்தலாகாதென்றும் வைத்தியர் கூறினார். அந்த 6 மணித்தியாலத்தையும் நாம் வைத்தியசாலை வாங்கிலிருந்து கழித்தோம்.

இரவு வீடு திரும்பியபோது மகனைக் காணவில்லை. குசினிக்குப் பின்னாலுள்ள விறகுக் கொட்டிலில் இருந்தான். மத்தியானத்துக்குப் பின் ஒன்றும் உண்ணவில்லை. வீட்டிலிருந்தோர் எல்லாரும் ஒரு சொல்லாவது சொல்லிவிட்டிருந்தனர். "கண் தெரியாதோ?" என்று நாமும் போகும்போது கேட்டுவிட்டே போனோம். அவன் எம்மைக் கண்டதும், "நான் மெல்லமாய்த்தானே அப்பா சாத்தினனான்" என்றான். சற்றுப் பொறுத்து, "தங்கச்சியின்ரை விரல் திரும்பி முளைக்குமே?" என்று கேட்டான். இரண்டிற்கும் அன்று எம்மிடம் விடையில்லை. பின்னர் ஓரளவு தேடி அறிந்தோம். இக்கட்டுரை அவ்விரண்டு விடைகளும், அவற்றுக்கு இடையே ஒவ்வொரு வீட்டாரும் செய்துகொள்ளக்கூடிய சில காரியங்களுமாம்.

மெல்லச் சாத்தினாலும் போதும்

எமது தாயாரின் பாக்குவெட்டியை எண்ணிப் பாருங்கள். இரண்டு பிடிகளையும் ஒரு மூதாட்டியின் கை அழுத்துகிறது. கல்லுப்போன்ற கொட்டைப்பாக்கு இரண்டாகிறது. பிடி நீளமானது, பாக்கு வைக்கும் இடமோ ஆணிக்கு மிக அருகில் உள்ளது. கையின் சிறுவிசை பாக்கின்மேற் பலமடங்காய்ப் பெருகுகிறது. கதவும் நிலையும் சேர்ந்து அத்தகைய பாக்குவெட்டியே. பிணைச்சல் அதன் ஆணி. கதவின் அகலம் அதன் பிடி. பிணைச்சற் பக்கத்து இடுக்கு அதன் வாய்.

மாணவர் கணக்காகவே பார்க்கலாம். கைபிடி பிணைச்சலின் அச்சிலிருந்து 75 சென்ரிமீற்றர் தொலைவில் இருக்கிறதென்க. குழந்தையின் விரல் அகப்பட்ட இடம் அச்சிலிருந்து 1.5 சென்ரிமீற்றர். 75ஐ 1.5ஆல் வகுக்க வருவது 50. 2 கிலோகிராம் அரிசிப் பையைத் தூக்கப் போதுமான விசையோடு ஒரு சிறுவன் கதவைத் தள்ளினால், இடுக்கிலே 100 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான விசை இறங்குகிறது. 50 கிலோகிராம் சீமெந்து மூடைகள் இரண்டை ஒரு பிஞ்சு விரலின் நகத்தின்மீது ஏற்றியதற்கு அது சமம். மரமும் பிணைச்சலும் சிறிது இளகிக் கொடுக்குமாதலால் கணக்கிற் கொஞ்சம் கழியலாம். எனினும் மெல்லச் சாத்தியவனும் அடித்துச் சாத்தியவனும் இவ்விடுக்கைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒருவரே. ஆகவே மகன் சொன்னது உண்மை. அவன் மெல்லமாய்த்தான் சாத்தினான்.

ஐயமுள்ளோர் வீட்டிலேயே சோதிக்கலாம். பச்சை முருங்கைக்காயில் ஒரு துண்டை எடுத்துத் திறந்த கதவின் பிணைச்சற் பக்கத்து இடுக்கில் வைத்து, கைபிடியை ஒற்றை விரலால் தள்ளிப் பாருங்கள். நாம் வகுப்பில் இதனைச் செய்து காட்டியபோது, வழக்கமாகச் சிரிக்கும் பின்வரிசையும் சிரிக்கவில்லை. கடினமான மரத்துண்டை மட்டும் வைத்துவிடாதீர்கள். மரம் நசியாது, அதற்குப் பதிலாகப் பிணைச்சலின் திருகாணிகள் நிலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். கதவு ஆடாதிருக்கவென்று பிணைச்சலடியில் மரக்கட்டை செருகி வைப்போர் சிலருளர். அவர்களுடைய கதவுகள் ஏன் விரைவிற் சரிகின்றன என்பதற்கும் காரணம் இதுவே.

பூட்டுப் பக்கத்து விளிம்பும் ஆபத்தற்றதன்று. அங்கே நெம்புகோலின் பெருக்கம் இல்லை. ஆனால் வேகம் உண்டு. பாரமான கதவு காற்றிலே அடித்துச் சாத்தப்படும்போது விளிம்புதான் மிகவும் விரைந்து வருகிறது. எனினும் விளிம்பிலே கை இருந்தால், சாத்துபவரின் கண்ணிற்படும் வாய்ப்பு உண்டு. நமது கண் எப்போதும் கைபிடியைத் தொடர்ந்து போவது. பிணைச்சற் பக்கமோ நமது முதுகுக்கோ கதவுப் பலகைக்கோ மறைவில் இருப்பது. அங்கே நிற்பவர் யாரென்று பார்க்கும் பழக்கம் நம்மில் எவருக்கும் இல்லை.

குழந்தை ஏன் அங்கே போய் நிற்கிறது என்று கேட்கலாம். நடை பயிலும் பிள்ளைக்கு நிலை ஒரு பிடிமானம். விழாதிருக்கக் கையூன்றும் இடம். அங்கே வெளிச்சம் தெரியும்; மறைந்திருப்பவர் தெரிவர். இடுக்கின் அகலமோ அதன் விரலுக்கென்றே அளந்து வைத்தது போன்றது. நமது விரல் நுழையாத இடத்தில் அதன் விரல் நுழையும். அகன்று நிற்கும் இடுக்குக் கதவு நகர ஒடுங்கிவிடும் என்பது இரண்டு வயதுப் பிள்ளையின் அறிவுக்கு எட்டாதது. இந்த வயதுப் பிள்ளைக்குப் புத்திமதி கூறிப் பயனில்லை; அடித்துச் சொன்னாலும் பயனில்லை. விரல் நசிந்து வைத்தியசாலைக்கு வரும் சிறுவருட் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர் என்பதையும், பெரும்பாலும் வீட்டுக் கதவிலேயே அது நேர்கிறது என்பதையும் பல நாட்டு மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். கதவைச் சாத்துபவர் அயலாரும் அல்லர். தாய், தந்தை, அண்ணன், அக்காள்.

ஓடாவியார் சொன்ன பாடம்

பிள்ளையைத் திருத்துவதிலும் பார்க்கக் கதவைத் திருத்துவது எளிது. முதலாவது, கொழுக்கி. முன்னாளில் எமது வீடுகளிற் கதவுகளைத் திறந்தபடி சுவரோடு மாட்டிவைக்கக் கொழுக்கியும் வளையமும் இருந்தன. சோளகமும் வாடையும் மாறிமாறி வீசும் நாட்டில் அவை அலங்காரத்துக்கு வைத்தவையல்ல. முன்கதவும் பின்கதவும் திறந்திருக்க, இடையிலுள்ள அறைக்கதவு எத்தனை முறை படீரென அடித்துக்கொள்கிறது என்பதை வைகாசி முதல் ஆவணி வரை எந்த வீட்டிலும் கேட்கலாம். புதிய வீடுகளில் வழுவழுப்பான பிணைச்சல்களும் இலேசான கதவுகளும் வந்தபின் காற்றுக்கு வேலை இன்னும் எளிதாயிற்று. கொழுக்கி மட்டும் மறைந்தது. சில நூறு ரூபாவில் முடியும் காரியம் அது. குழந்தையின் கைக்கெட்டாத உயரத்தில் மாட்டுதல் வேண்டும். திறந்திருக்கவேண்டிய கதவு மாட்டப்பட்டிருக்கட்டும். மற்றது சாத்தியே இருக்கட்டும். பாதி திறந்து ஆடிக்கொண்டிருக்கும் கதவே வில்லங்கமானது.

கொழுக்கி இல்லாத இடத்தில், தடித்த துவாயொன்றை நீளமாக மடித்துக் கதவின் மேல்விளிம்பிற் குறுக்கே போட்டுவிடுங்கள். கதவு முற்றாகச் சாத்துப்படாது. விளிம்பிலே ஒரு விரலுக்கு இடம் எஞ்சும். விருந்துக்குப் போன வீட்டிலும் இதனைச் செய்யலாம். கதவின் மேலே மாட்டும் பஞ்சுபோன்ற இறப்பர்த் தடைகளும் விற்பனையில் உள்ளன. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். துவாயும் தடையும் பூட்டுப் பக்கத்தையே காக்கும். பிணைச்சலின் வாய் அவற்றாற் சிறிதும் அடைபடுவதில்லை.

அந்த வாயை அடைக்க வேண்டுமாயின் இடுக்கை மூடும் பட்டி வேண்டும். இதற்கென்றே செய்யப்பட்ட பிளாஸ்ரிக் பட்டிகளை வாங்கலாம். நாம் வாங்கவில்லை, விபத்து நடந்த மறுவாரம் எமக்குத் தெரிந்த ஓடாவியாரை அழைத்தோம். கித்தான் துணியை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, தரையிலிருந்து 4 அடி உயரம்வரை, ஒரு விளிம்பை நிலையிலும் மறுவிளிம்பைக் கதவிலும் மெல்லிய மரச்சலாகை வைத்து ஆணியால் அறைவதென்பது எமது திட்டம். படமும் வரைந்து கொடுத்தோம். ஓடாவியார் அதனைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், கதவு பூட்டியிருக்கேக்கை அடிச்சால் திறக்கேக்கை கிழியும்" என்றார். பட்டதாரியின் படம் மடித்து வைக்கப்பட்டது. கதவை முற்றாகத் திறந்து, இடுக்கு எவ்வளவு அகலுமோ அவ்வளவும் அகன்ற நிலையில், துணியைச் சற்றுத் தளர்வாக விட்டு அவர் அறைந்தார். பின்னர் மெல்லச் சாத்தி, துணி உள்ளே மடிந்து பிணைச்சலிற் சிக்காமல் வெளிப்புறமாகப் புடைக்கின்றதா என்று பார்த்தார். இரண்டு இடங்களிற் சிக்கியது, திருத்தினார். பழைய சைக்கிள் ரியூப்பை நெடுக வெட்டியும் இதனைச் செய்யலாமென்றும், கித்தானிலும் அது கூடுதற் காலம் உழைக்குமென்றும் அவர் கூறிய யோசனையை அடுத்த கதவுக்குப் பின்பற்றினோம்.

கதவின் இருபுறத்தையும் பார்த்தல் வேண்டும். வாயிற்பக்கத்து இடுக்கு அகன்றது. அதற்கே பெரிய பட்டி. பிணைச்சலின் குமிழ்கள் தெரியும் மறுபக்கத்திலும் ஒடுங்கிய பிளவு ஒன்று இருக்கும். சிறு விரலுக்கு அதுவும் போதும். அதற்கு ஒடுங்கிய பட்டி. ஆண்டுக்கொரு தடவை ஆணிகளைச் சோதிக்க வேண்டும். பார்வைக்கு அழகாயிராது என்பதை ஒப்புக்கொள்கிறோம். வருவோர் பலர், "இதென்ன கதவுக்குக் கச்சை கட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்பதுண்டு. பிள்ளைக்கு ஏழு எட்டு வயதாகும்வரை அந்தக் கச்சை இருக்கட்டும்.

தானாகவே மூடும் கதவுகளை இக்காலத்தில் வங்கிகளிலும் கடைகளிலும் காண்கிறோம். அவற்றின் மேலே பொருத்திய எண்ணெய்க் கருவியில் வேகத்தைக் குறைக்கும் திருகாணி உண்டு. அதனைச் சற்று முறுக்கிவிட நிறுவனத்தாருக்கு அதிக நேரம் செல்லாது. பாலர் பாடசாலைக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் சுவரிலுள்ள படங்களைப் பார்ப்பதோடு கதவின் பிணைச்சலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருதல் நன்று. வீட்டு முன்வாயிலின் இரும்புப் படலை, உருட்டிச் சாத்துவதாயின், கதவினும் கொடியது. பாரம் அதிகம், நிறுத்துவது கடினம்.

மோட்டார் வாகனத்தில் வேறொரு வகை இடுக்கு உண்டு. முன்கதவைச் சாத்தும்போது, பின்னாசனத்திலிருக்கும் பிள்ளை எழுந்து நிற்பதற்காக முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள தூணைப் பற்றியிருக்கும். அந்தத் தூணின் முன்புறமே முன்கதவு வந்து பொருந்தும் இடம். எமது குடும்பத்தில் இப்போது வழக்கமொன்று உண்டு. சாத்துபவர் "கை!" என்பார், பிள்ளைகள் எல்லாரும் கைகளைத் தலைக்கு மேலே உயர்த்துவர், உயர்ந்த கைகளை எண்ணிய பின்னரே கதவு சாத்தப்படும். பெரியோரும் உயர்த்தினாற்றான் சிறியோர் உயர்த்துவர். எமது தாயாரும் வண்டியில் ஏறினாற் கை உயர்த்துகிறார்.

விரல் நசிந்துவிட்டால்

இத்தனைக்குப் பின்னும் நேர்ந்துவிட்டால் செய்யவேண்டியவை சிலவே. கதவைத் திறந்து விரலை விடுவித்து, ஓடும் தூய நீரிற் கழுவி, தூய துணியாற் பத்து நிமிடமளவு அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருங்கள். கோப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். அவை இரத்தத்தை நிறுத்துவதிலும் பார்க்கப் புண்ணில் அழுக்கைச் சேர்ப்பதே அதிகம். வைத்தியர் முதலில் அவற்றைக் கழுவி எடுக்கவேண்டியிருக்கும், பிள்ளை மறுபடியும் துடிக்கும். விரலடியை நூலால் இறுக்கிக் கட்டுவதும் தவறு. விரல்நுனி துண்டாகியிருந்தால் அத்துண்டை ஈரமான தூய துணியிற் சுற்றி, பொலித்தீன் பையிலிட்டு வாயைக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். துண்டைப் பனிக்கட்டிமேல் நேரே வைத்தாற் கெட்டுவிடும். தையல் வேண்டியிருக்கும் எனத் தோன்றினாற் பிள்ளைக்கு உண்ணவோ பால் குடிக்கவோ கொடாதீர்கள். அதன் காரணத்தை மேலே கண்டீர்கள்.

தோல் கிழியாமல் நகத்தடியில் மட்டும் இரத்தம் கருமையாய்க் கட்டியிருந்தால், துணியிற் சுற்றிய பனிக்கட்டியை இடையிடையே வைத்துப் பார்க்கலாம். குத்துவலி அதிகமாயின் வைத்தியர் நகத்திற் சிறு துளையிட்டு அவ்விரத்தத்தை வெளியேற்றுவார். கணத்தில் வலி குறையும். ஊசியைச் சுட்டு வீட்டிலே அதனைச் செய்து பார்க்கும் துணிவு வேண்டாம்.

இங்கே பெற்றோர் தவறவிடக்கூடிய ஒரு காயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகம் அடிப்புறத்துத் தோலிலிருந்து கிளம்பி மேலே கிடந்தாலோ, விரல்நுனி தொங்கினாற்போல வளைந்து நிமிராதிருந்தாலோ, இரத்தம் நின்றுவிட்டதென்று வீட்டிலே இருந்துவிடாதீர்கள். வளரும் பிள்ளையின் நுனியெலும்பின் அடியில், நகம் முளைக்கும் இடத்துக்கு நேர்கீழே, எலும்பு நீளும் மென்படை இருக்கிறது. அவ்விடத்தில் எலும்பு முறிந்து, நகம் முளைக்கும் இழையம் முறிவினுள்ளே சிக்கிக்கொள்வதுண்டு. சீமோர் என்னும் மருத்துவர் 1966இல் இதனை விரித்தெழுதியமையால் இம்முறிவு அவர் பெயராலேயே வழங்குகிறது. வெளியே சிறு நகக்காயம்போலத் தோன்றும். உள்ளே திறந்த எலும்பு முறிவு. கழுவிச் செப்பனிடாது விட்டால் எலும்பிற் கிருமி தொற்றி, விரல் வளராமலும் போகலாம். கதிர்ப்படம் ஒன்றே இதனைத் தெளிவாகக் காட்டும். எமது மகளின் நகமும் இவ்வாறுதான் கிளம்பி நின்றது. படத்திலே நுனியெலும்பின் முனை மட்டும் நொறுங்கியிருந்தது, அடி தப்பியிருந்தது. கோப்பித்தூளோடு நின்றிருந்தால் அதனை நாம் அறிந்திருக்கப் போவதில்லை.

போகும்போது தடுப்பூசிப் பதிவேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஏற்புவலிக்கு எதிரான ஊசிகள் 2, 4, 6 மாதங்களிலும் 18ஆம் மாதத்திலும் 5 வயதிலும் ஒழுங்காகப் போடப்பட்டனவா என்பதை வைத்தியர் கேட்பார். பழைய நகத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. கழன்ற நகத்தைத் திரும்ப வைத்துத் தைப்பதா எறிந்துவிடுவதா என்று மருத்துவரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. 400க்கு மேற்பட்ட சிறுவரைக் கொண்டு பிரித்தானியாவில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வொன்று, திரும்ப வைப்பதாற் சிறப்பான நன்மை ஏதும் இல்லையெனக் காட்டியது. தைக்க வேண்டியது நகத்தையன்று. அதன் கீழேயுள்ள படுக்கையை.

மகனின் இரண்டாம் கேள்வி

விரல் திரும்பி முளைக்குமா? பல்லிக்கு வால் முளைப்பதைக் கண்ட பிள்ளை கேட்ட கேள்வி என்று அன்று தள்ளிவிட்டோம். அது அத்துணை பேதைமையான கேள்வியன்று. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துச் சிறுவர் வைத்தியசாலையிற் பணியாற்றிய சிந்தியா இலிங்வேர்த் என்னும் மருத்துவர், கதவு முதலியவற்றில் அகப்பட்டு விரல்நுனி இழந்த பிள்ளைகளைப் பற்றி 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடைசி மூட்டுக்கு அப்பால் நுனி போன சிறுவருக்குத் தோலை இழுத்து மூடித் தைக்காமல், தூய கட்டு மட்டும் இட்டு விட்டபோது, நாளடைவிற் சதையும் நகமும் வளர்ந்து, விரல் ஏறக்குறைய பழைய வடிவத்தைப் பெற்றதை அவர் கண்டார். நகம் முளைக்கும் பகுதி எஞ்சியிருப்பது இதற்கு முக்கியம். நகத்தின் அடியிலுள்ள மூல உயிரணுக்களே எலிகளின் விரல்நுனி மீள வளர்வதற்கு வழிவகுக்கின்றன என்பதை நியூயோர்க்கில் ஆராய்ந்தோர் 2013இல் வெளியிட்டனர். வளர்ந்தவர்க்கு இவ்வாற்றல் மிகக் குறைவு. பிள்ளைக்கு உண்டென்பதால் நாம் கவலையின்றி இருக்கலாமென்பதில்லை. மூட்டுக்குக் கீழே போனது போனதே.

மகளின் விரலில் ஒரு மாதம் வரை நகமே இல்லை. பின்பு அடியிலிருந்து பிறைபோல ஒன்று தலைகாட்டிற்று. கைவிரல் நகம் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளர்வது. மகன் ஒவ்வொரு ஞாயிறும் அடிமட்டம் கொண்டுவந்து அதனை அளந்து, பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றிற் குறித்துவைத்தான். ஆறாம் மாதம் நகம் நுனியைத் தொட்டது. நடுவே ஒரு வரம்பு மட்டும் எஞ்சியது, இன்றும் உள்ளது. அந்த வாரத்தோடு கொப்பியில் எழுதுவதை நிறுத்திவிட்டான்.

அவன் இப்போது சாதாரணதர வகுப்பு மாணவன். எமது வகுப்பிலேயே இருக்கிறான். அண்மையில் விசையின் திருப்பம் கற்பித்தபோது, வழக்கம்போலக் கைபிடி வினாவைக் கேட்டோம். பல கைகள் உயர்ந்தன. பின்னர் முருங்கைக்காய்த் துண்டை மேசைமேல் வைத்து, மறுபக்க வினாவையும் கேட்டோம். சிலர் தயங்கி உயர்த்தினர். மூன்றாம் வரிசையிலிருந்த எமது மகன் விடை தெரிந்தவன், கையை உயர்த்தவில்லை. நாமும் அவனை எழுப்பவில்லை. மணி அடித்து எல்லாரும் வெளியேறியபோது கடைசியாக வந்தவன் அவனே. கைபிடியைப் பற்றியபடி நின்று, குனிந்து, பிணைச்சற் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.